கொக்கி உள்பக்கம்

மார்ச் 3

அன்புள்ள அக்கா,

இந்த அகால வேளையில் எழுதுவதற்கு முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். மணி ஒன்றாகப் போகிறது. பகலில் உட்கார்ந்தால் மகள் பேனாவைப் பிடுங்கிக்கொள்கிறாள். அவள் தூங்கினால்தான் என் கை என்னுடையது. எழுத்து கோணிப்போயிருந்தால் தூக்கக் கலக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

யாரென்று தெரிகிறதா? பொடிசு. நீங்கள் வைத்த பெயர்தான். நீங்கள் எங்கள் வீட்டில் இரண்டரை வருடம் இருந்தீர்கள். வரும்போது உங்களுக்குப் பதினொன்று, எனக்கு நாலு. நீங்கள் போய் இருபத்து மூன்று வருடம் ஆகிறது. அன்றைக்கு 'நீ, வா, போ' என்றுதான் கூப்பிடுவேன், இப்போது அப்படி எழுத வாய் வரவில்லை, கையும் வரவில்லை.

உங்கள் முகவரி என்னிடம் இல்லை. குழந்தைகள் நல அலுவலகத்தில் தரவும் மாட்டார்களாம். "கடிதத்தைக் குடுங்க, சேத்துடுறோம். பதில் போடுறதும் போடாததும் அவங்க இஷ்டம்" என்றார்கள். அதனால் இதை ஒட்டாத உறையில் கொடுக்கிறேன். வழியில் யாராவது படித்தாலும் படிக்கட்டும், ஒளிக்க ஒன்றுமில்லை.

விஷயம் இதுதான். நானும் என் கணவரும் ஒரு பிள்ளையை வளர்ப்புப் பராமரிப்பில் எடுக்க விண்ணப்பித்திருக்கிறோம். தத்து இல்லை. பெற்றவர்கள் தேறி வரும்வரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வது. உங்களை நாங்கள் வைத்துக்கொண்டோமே, அதேதான். எனக்கு இந்த எண்ணம் வந்ததே உங்களால்தான். எங்கள் வீடு அப்படி ஒரு வீடு என்று நான் எல்லோரிடமும் சொல்வேன். கல்லூரியில்கூட ஒரு கட்டுரை எழுதிப் பரிசு வாங்கியிருக்கிறேன்.

தகுதி பார்க்கிறார்கள் அக்கா, பெண் பார்ப்பதைவிடப் பத்து மடங்கு. வயது, வருமானம், இருவருக்கும் மருத்துவச் சான்று, காவல் நிலையச் சான்று, வருகிற பிள்ளைக்குத் தனிக் கட்டில், மூன்று நாள் வகுப்பு. எல்லாவற்றிலும் தேறிவிட்டோம். கணவருக்குச் சர்க்கரை எல்லைக்கோட்டில் இருக்கிறது, அதைக்கூட மன்னித்துவிட்டார்கள். வகுப்பில் முதல் பெஞ்சில் உட்கார்ந்து குறிப்பெடுத்தது நான் ஒருத்திதான். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "பரீட்சை எப்பன்னு கேளு" என்று கிண்டலடித்துக்கொண்டிருந்தார்.

கடைசிப் படி, வீட்டிலிருக்கும் சொந்தப் பிள்ளையிடம் தனியாகப் பேசுவது. வருகிற அதிகாரி எப்போதும் ஒரு பெரிய துணிப்பை கொண்டுவருவார். அதில் பொம்மைகள் இருக்கும். என் மகள் அவருக்கு 'பை மேடம்' என்று பெயர் வைத்திருக்கிறாள். போன வியாழன் இரண்டு பேரும் அறையில் முக்கால் மணி நேரம் இருந்தார்கள். வெளியே வந்த பை மேடம் தேநீரைத் தொடவில்லை.

என் மகள் என்ன செய்தாள் தெரியுமா? பையிலிருந்த பொம்மையை எடுத்து, எங்கள் பெரிய மரத் துணி அலமாரியைத் திறந்து உள்ளே வைத்து, தானும் ஏறி உட்கார்ந்து, பொம்மையின் வாயைக் கையால் பொத்தியிருக்கிறாள். "சத்தம் வந்தா நானும் அம்மாவும் இப்படித்தான் இருப்போம்" என்றாளாம். "என்ன சத்தம்?" என்று கேட்டதற்கு, "மேல் வீட்டு மாமா கத்துற சத்தம். அப்பா ஃபோன்ல கத்துற சத்தம்."

என் கணவருக்கு லாரி புக்கிங் ஆபீஸில் வேலை. ஊர் ஊராக நிற்கிற டிரைவர்களிடம் கத்தித்தான் பேசியாக வேண்டும். வீட்டில் ஈ எறும்புக்குக்கூடக் கெடுதல் நினைக்காத மனுஷன். பை மேடம் அவரைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அக்கா, அவர் அன்றைக்கு ராத்திரி சாப்பிடவில்லை.

நான் விளக்கிச் சொன்னேன். அது அலமாரி விளையாட்டு, உள்ளே ஏறிக் கொக்கியை மாட்டிக்கொண்டு பிஸ்கட் தின்றுகொண்டே குசுகுசுவென்று கதை பேசுவோம், சின்ன வயதில் என் வீட்டில் ஒரு அக்கா எனக்குச் சொல்லிக்கொடுத்தது என்று. அதே அலமாரிதான், கல்யாணத்தின்போது என்னோடு இங்கே வந்துவிட்டது. பை மேடம் எழுதிக்கொண்டார். "அந்த அக்காகிட்டேயிருந்து ஒரு கடிதம் கிடைக்குமா?" என்றார். அதுவரை எங்கள் கோப்பு நகராது.

நீங்கள் இரண்டே வரி எழுதினால் போதும். அது விளையாட்டுதான், நான்தான் கற்றுக்கொடுத்தேன் என்று. உங்கள் ஃபோன் நம்பர் தந்தால் நானே கூப்பிடுகிறேன். அப்பா காலமாகி மூன்று வருடம் ஆகிறது. இருந்திருந்தால் உங்களைப் பற்றி விசாரிக்கச் சொல்லியிருப்பார்.

உங்கள்
பொடிசு

*

மார்ச் 14

பொடிசு,

உன் கடிதம் கைக்கு வந்தது. நான் ஒரு கண்ணாடிக் கடையில் இருக்கிறேன். கண் பார்ப்பது, லென்ஸ் வெட்டுவது, சட்டத்தில் பொருத்துவது. லென்ஸ் மேஜையிலேயே வைத்து மூன்று முறை படித்தேன். ஒரு ஆளுக்கு இடது கண் லென்ஸை வலது பக்கம் மாட்டிக் கொடுத்துவிட்டேன். அவர் படியிறங்கும்போதே திரும்பி வந்துவிட்டார்.

நம்பர் தர மாட்டேன். உன் குரலைக் கேட்டால், "அதெல்லாம் ஒண்ணுமில்ல, விளையாட்டுதான்" என்று சொல்லிவிடுவேன். அப்படிச் சொல்லிப் பழகியவள் நான். எழுதினால் கை கொஞ்சம் யோசிக்கும். முகவரி உறையின் பின்னால் இருக்கிறது.

நீ கேட்ட இரண்டு வரியை எழுத முடியாது. அது விளையாட்டு இல்லை.

உன் அப்பா வேலை முடிந்து வருவது உனக்கு எப்படி ஞாபகம் இருக்கிறதோ தெரியாது. எனக்குச் சாவிச் சத்தம்தான் ஞாபகம். ஒரே தடவையில் சாவி பூட்டுக்குள் போனால் அன்றைக்கு ஒன்றுமில்லை, வீட்டுப் பாடத்தை எடுக்கலாம். இரண்டு மூன்று தடவை இடித்துத் தேடினால், நான் உன்னைத் தூக்கிக்கொண்டு அலமாரிக்குள். வெளியே உன் அம்மா. அவர்களின் இடது கைச் சுண்டுவிரலைப் பார்த்திருப்பாய். அது கதவில் நசுங்கியதில்லை.

உள்ளே நீ சிரிப்பாய். சத்தம் வெளியே கேட்டுவிடும் என்று உன் வாயைப் பொத்துவேன். நீ அதையும் விளையாட்டு என்றே நினைத்தாய். நல்லது என்று விட்டுவிட்டேன்.

இன்னொன்று. என்னை என் சித்தி வந்து கூட்டிப்போனதாக உன்னிடம் சொல்லியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். எனக்குச் சித்தியே கிடையாது. மாதாமாதம் பார்க்க வரும் அதிகாரி ஒரு தடவை உன்னிடம், "அக்கா உன்னோட என்ன விளையாடுவா?" என்று கேட்டார். நீ சொன்னாய். "அலமாரிக்குள்ள வச்சுக் கொக்கி போடுவா. கத்தினா வாயைப் பொத்துவா." ஒரு வார்த்தை பொய்யில்லை. உன் அப்பா பக்கத்திலேயே இஸ்திரி போட்ட சட்டையோடு உட்கார்ந்திருந்தார். "பாத்தீங்களா மேடம்" என்றார், அவ்வளவுதான். நாலாம் நாள் என் துணியைப் பையில் அடைத்தார்கள்.

நீ தேறிய பட்டியலைப் படித்தேன். வயது, வருமானம், கட்டில், காவல் நிலையச் சான்று. உன் அப்பாவுக்கும் அதெல்லாம் இருந்தது.

அக்கா

*

மார்ச் 19

அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. கிடைக்காமலே இருந்திருக்கலாம்.

இறந்துபோன மனிதர் எழுந்து வந்து பதில் சொல்ல முடியாது என்கிற தைரியத்தில் எழுதியிருக்கிறீர்கள். என் அப்பா குடிநீர் அலுவலகத்தில் முப்பது வருடம் எழுத்தராக இருந்தவர். ஒரு நாள் தாமதமாகப் போனதில்லை. என் கல்லூரிக் கட்டணத்துக்கு வெயிலில் வரிசையில் நின்றவர். என்னைச் சைக்கிளின் முன்கம்பியில் துண்டை மடித்துப் போட்டு உட்காரவைத்துக் கூட்டிப்போனவர். கம்பி குத்தக்கூடாது என்று துண்டு போடுகிற மனுஷர் விரலை ஒடிப்பாரா? அவர் கை ஓங்கி நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. ஒரு தடவை.

உங்களை அனுப்பியது உங்களுக்கு வருத்தமாக இருந்திருக்கும், புரிகிறது. அதற்காக, 'எங்களுக்குச் சோறு போட்ட' என்று எழுத வந்தேன் பாருங்கள், தப்பு. உங்களுக்குச் சோறு போட்ட வீட்டைப் பற்றி இப்படி எழுதலாமா? நான் இரண்டு வரி கேட்டேன். பிடிக்கவில்லையென்றால் முடியாது என்று ஒரு வரியில் எழுதியிருக்கலாம்.

பை மேடத்திடம், நீங்கள் பதில் போடவில்லை என்று சொல்லிவிடப் போகிறேன். நீங்களும் இனி எழுத வேண்டாம்.

*

மார்ச் 25

பொடிசு,

சரி. எழுதவில்லை. இது ஒன்றோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அவர் கை ஓங்கி நீ பார்த்ததில்லை என்கிறாய். நிஜம்தான். நீ பார்க்காமல் இருக்கத்தான் அலமாரி.

உன் முதல் கடிதத்தில் ஒரு வரி இருக்கிறது. உள்ளே ஏறிக் கொக்கியை மாட்டிக்கொள்வோம் என்று. அந்த வரியை நீயே மறுபடியும் படி. பிறகு எழுந்து போய்ப் பக்கத்து வீட்டு அலமாரியைத் திறந்து பார். கடையில் விற்கிற அலமாரியைத் திறந்து பார். எதற்காவது உள்பக்கம் கொக்கி இருக்கிறதா?

அன்றைக்கு வந்த அதிகாரி அலமாரியைத் திறந்து பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால், பிள்ளையை அடைத்து வைக்கிறவள் கொக்கியை வெளியே அல்லவா போடுவாள் என்று கேட்டிருப்பார்.

அக்கா

*

ஏப்ரல் 1

அக்கா,

மறுபடியும் ராத்திரிதான் எழுதுகிறேன். மூன்று நாளாக எழுதிக் கிழித்துக் கிழித்து இது நாலாவது தாள்.

பக்கத்து வீட்டில் போய், "உங்க அலமாரியைக் கொஞ்சம் திறந்து காட்டுறீங்களா?" என்று கேட்டேன். அந்த அம்மா நகையைத்தான் பார்க்க வந்திருக்கிறேன் என்று நினைத்திருப்பார். உள்பக்கம் வழவழவென்று இருந்தது. கீழ் வீட்டிலும் கேட்டேன். அங்கேயும் இல்லை. முப்பது வயதாகிறது எனக்கு, ஒரு பட்டம் வாங்கியிருக்கிறேன். அலமாரி என்றால் உள்ளே கொக்கியோடுதான் செய்வார்கள் என்று இத்தனை நாள் நினைத்திருக்கிறேன். ஒரு நாளாவது, ஒரு நாளாவது எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டாமா?

அம்மா இரண்டு தெரு தள்ளித் தனியாக இருக்கிறாள். நேராகப் போனேன். ஏழு அறை உள்ள மாத்திரைப் பெட்டியில் கிழமைவாரியாக மாத்திரை போட்டுக்கொண்டிருந்தாள். கேட்டேன்.

"அம்மா, அலமாரிக்குள்ள கொக்கி யாரு போட்டது?"

அவள் நிமிரவில்லை. "எந்த அலமாரி?"

"நம்ம வீட்டுல எத்தனை அலமாரி இருந்துச்சு?"

வியாழக்கிழமை அறையில் இரண்டு மாத்திரை விழுந்தது. அதை எடுக்காமல் வெள்ளிக்குப் போனாள்.

"அந்தப் பொண்ணுதான் போட்டா. ஆணி அடிச்சா சத்தம் கேக்கும்னு பஸ்ஸுக்குக் குடுத்த காசுல கொக்கியும் திருகாணியும் வாங்கிட்டு வந்தா. ஒரு வாரம் ஸ்கூலுக்கு நடந்தே போனா. திருப்புளி உங்கப்பா பெட்டியில இருந்துச்சு, அதைத் தொட முடியாது. கரண்டிக் காம்பாலயே திருகினா. உள்ளங்கையெல்லாம் கொப்புளம்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"கரண்டியைக் குடுத்ததே நான்தான்."

அக்கா, எனக்கு உட்கார வேண்டும்போல இருந்தது. நாற்காலி பக்கத்தில்தான் இருந்தது, ஆனால் அதை எப்படி இழுப்பது என்று தெரியவில்லை. நின்றுகொண்டே கேட்டேன். "அப்ப ஏன் அவங்களைக் கூட்டிட்டுப் போறப்ப நீ வாயே திறக்கல?"

அம்மா பெட்டியை மூடினாள்.

"திறந்திருந்தா உன்னையும் சேத்துக் கூட்டிட்டுப் போயிருப்பாங்க. இந்த வீடு பிள்ளைங்க இருக்க லாயக்கில்லன்னு எழுதிட்டா, அவளுக்கு மட்டுமா லாயக்கில்ல?"

அவள் சுண்டுவிரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். கதவில் நசுங்கிய விரல் என்று நான் என் மகளுக்குக்கூடச் சொல்லியிருக்கிறேன், கதவில் கை வைக்காதே, பாட்டியைப் பார் என்று.

"அவங்க போனப்புறம்?" என்றேன். "நான் அந்தக் கொக்கி எட்டுற உயரம்கூட இல்லையே."

"உன்னை டியூஷன் சேத்துவிட்டேன்ல."

ஆமாம் அக்கா. ஏழு வயதிலிருந்து எனக்கு டியூஷன். கணக்குக்கு ஒன்று, இலக்கணத்துக்கு ஒன்று, டைப்பிங், ஓவியம், ஞாயிற்றுக்கிழமை மாலை கையெழுத்துப் பயிற்சி. ஞாயிற்றுக்கிழமை யாராவது கையெழுத்து கற்றுக்கொடுப்பார்களா? அந்த டீச்சர் அம்மாவின் தோழி. எட்டரை மணிக்குத்தான் கொண்டுவந்து விடுவார், அதற்குள் அப்பா தூங்கியிருப்பார். படிப்பில் அம்மாவுக்கு எவ்வளவு அக்கறை என்று தெருவே புகழும். எங்கள் பரம்பரையில் பட்டம் வாங்கிய முதல் பெண் நான். படித்து வாங்கினேன் என்று நினைத்திருந்தேன். இப்போது பார்த்தால், வீட்டுக்கு வெளியே நிறுத்திவைக்கப்பட்டதில் வாங்கியிருக்கிறேன்.

ஒவ்வொன்றாக எழுந்து வருகிறது. எங்கள் வீட்டில் கண்ணாடித் தம்ளர் ஒன்றுகூடக் கிடையாது, எல்லாம் எவர்சில்வர். அம்மா சிக்கனம் என்று நினைத்திருந்தேன். குளியலறைக் கதவில் தாழ்ப்பாள் இருந்த இடத்தில் நாலு ஓட்டைதான் இருக்கும். நான் தாழிட்டுக்கொண்டு மாட்டிக்கொள்வேன் என்று கழற்றியதாகச் சொல்வார்கள். எனக்கு அப்படி மாட்டிக்கொண்ட ஞாபகமே இல்லை.

இதற்கெல்லாம் மேலே ஒன்று. அதை எழுதத்தான் மூன்று தாள் கிழித்தேன். நான் என் மகளை எப்போது அலமாரிக்குள் தூக்கிப்போகிறேன் என்று கணக்குப் பார்த்தேன். அவள் கேட்கும்போது இல்லை. அவள் சலித்துப்போய் இருக்கும்போதும் இல்லை. ஒரு ஆண்குரல் உயர்ந்தால், அப்போதுதான். என் கால் தானாகப் போகிறது. அவர், "வண்டி எங்கடா நிக்குது?" என்று ஃபோனில் ஆரம்பிப்பார், நான் அடுப்பை அணைத்துவிட்டுப் பிள்ளையைத் தூக்கியிருப்பேன். ஐந்து வருடமாக. என் மகளுக்கு யாரும் எந்தக் கெடுதலும் செய்ததில்லை. ஆனாலும் அவள் பொம்மையின் வாயைப் பொத்துகிறாள். அவளுக்குக் கற்றுக்கொடுத்தது நான்.

இன்னும் அவரிடம் சொல்லவில்லை. பை மேடத்திடமும் சொல்லவில்லை. சொன்னால் கோப்பை மூடிவிடுவார்கள். சொல்லாவிட்டால், அப்பாவைப் போலத் தாளில் தேறிவிடுவேன்.

போன கடிதத்தில் சோறு போட்டதைச் சொல்லிக்காட்டினேன். அந்த வரியைப் பிளேடால் சுரண்டி எடுத்துவிடுங்கள். வேறு எப்படி மன்னிப்புக் கேட்பது என்று தெரியவில்லை.

பொடிசு

*

ஏப்ரல் 8

பொடிசு,

கரண்டியை அவர்கள் கொடுத்தார்களா?

அடுப்படியில் மேடை மேல் கிடந்தது. நான் எடுத்தேன். அப்படித்தான் இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தேன். மற்ற கரண்டிகள் எல்லாம் தட்டில் அடுக்கியிருக்கும், இது ஒன்று மட்டும் தட்டைக் காம்போடு வெளியே இருந்தது. அது ஏன் வெளியே இருந்தது என்று நான் யோசித்ததே இல்லை. உன்னை அலமாரி பற்றிக் கிண்டல் செய்தேனே, என் லட்சணத்தைப் பார்.

உன் கடிதம் வந்த அன்றைக்கு மதியம் கடையை ஒரு மணி நேரம் மூடிவிட்டேன். முதலாளி வயிற்று வலியா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

உங்கள் வீட்டுக்குப் பிறகு நான் மூன்று வீட்டில் இருந்தேன். ஒவ்வொரு வீட்டிலும் என் கோப்பு எனக்கு முன்னால் போய் உட்கார்ந்திருக்கும். 'சிறு பிள்ளைகளோடு தனியே விட வேண்டாம்.' ஒரு வீட்டில் அவர்கள் கைக்குழந்தை அழுதால்கூட நான் எழுந்து நிற்கக்கூடாது, சுவரைப் பார்த்து உட்கார வேண்டும். உன் அம்மா மேல் எனக்கு அவ்வளவு கோபம் இருந்தது. உன் அப்பா மேல்கூட அவ்வளவு இல்லை. அவரிடம் நான் எதுவும் எதிர்பார்க்கவில்லை. அவர்கள் வாசலில் நின்றுகொண்டு என்னைப் பார்க்காமல் தெருவைப் பார்த்தது மட்டும்தான் எனக்குத் தெரியும். கரண்டி தெரியாது. தெரிந்திருந்தால் மன்னித்திருப்பேனா? அதையும் சொல்ல முடியவில்லை. இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால் எனக்குக் கண் மங்குகிறது. என் தொழிலுக்கு இது அழகில்லை.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஆறு வயதில் நீ சொன்னதற்கு நீ குற்றவாளி இல்லை. கேட்டவர்கள் அடுத்த கேள்வியைக் கேட்கவில்லை. எப்போது, ஏன் என்று கேட்டிருந்தால் அதையும் சொல்லியிருப்பாய், ஓட்டை வாய் உனக்கு.

உன் பை மேடம் உன் மகளிடம் அடுத்த கேள்வியைக் கேட்டிருக்கிறார், என்ன சத்தம் என்று. அதைக் கவனித்தாயா?

அக்கா

*

ஏப்ரல் 15

அக்கா,

மன்னித்துக்கொள், இன்றைக்கும் நேரமாகிவிட்டது. இனிமேல் 'நீ' என்றே எழுதுகிறேன். கை தானாக வருகிறது.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு முதலில் என் கணவரிடம் சொன்னேன். அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கேட்டார். "நான் லாரி எங்கன்னு கேக்குறப்பல்லாம் நீ துணி மடிக்கப் போறேன்னு நினைச்சுட்டிருந்தேன்டி" என்றார். "ஒரு மனுஷிக்கு இவ்வளவு துணி எங்கிருந்து வருதுன்னுகூட யோசிச்சேன்." சிரிக்கவைக்கத்தான் சொன்னார். நேற்றிலிருந்து மொட்டை மாடிக்குப் போய் நின்று டிரைவர்களிடம் பேசுகிறார். தினமும் கத்துகிற மேல் வீட்டு மாமா வந்து, சத்தம் தாங்கவில்லை என்று என்னிடம் புகார் சொன்னார். அவர்.

அடுத்தது பை மேடம். எல்லாவற்றையும் சொன்னேன். சாவிச் சத்தம், விரல், டியூஷன், என் கால் தானாகப் போவது. உன் கடிதங்களைக் காட்டலாமா என்று உன்னிடம் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை, காட்டிவிட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, 'சிறு பிள்ளைகளோடு தனியே விட வேண்டாம்' என்கிற வரியை மட்டும் இரண்டு தடவை படித்தார். "இந்த மாதிரி வரி நானும் எழுதியிருக்கேன்" என்றார். எழுந்து போய் அலமாரியைத் திறந்து, தலையை உள்ளே விட்டு, கொக்கியை விரலால் தடவிப் பார்த்தார். இருபத்து மூன்று வருடம் கழித்து, அக்கா, அந்த அலுவலகத்திலிருந்து ஒருவர் அதைத் திறந்து பார்த்தார்.

"அலமாரி இருக்கட்டும். இங்க வர்ற பிள்ளைக்கு ஒளிஞ்சுக்க ஒரு இடம் வேணும். கொக்கி மட்டும் வேண்டாம். உள்ள இருக்குற பிள்ளையை நாம எட்ட முடியணும்" என்றார்.

என் கணவர் திருப்புளி எடுத்து வந்தார். நான்தான் கழற்றினேன். மூன்று பூச்சு பெயிண்ட்டுக்கு அடியில் திருகாணித் தலைகள் தேய்ந்துபோய் இருந்தன, கரண்டிக் காம்பு வழுக்கி வழுக்கித் தேய்த்தது. ஒன்று கோணலாக இறங்கியிருந்தது. அதற்கு மட்டும் அரை மணி நேரம் ஆயிற்று. மகள் பக்கத்தில் நின்று, "இனிமே கதவு எப்படி மூடும்?" என்றாள். "மூட வேண்டாம்" என்றேன். "அப்ப சத்தம் வந்தா?" என்றாள். "யாரு சத்தம்னு போய்ப் பாப்போம்" என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அவள் ஒப்புக்கொண்ட மாதிரி தெரியவில்லை.

கொக்கியை இந்த உறையில் வைத்திருக்கிறேன். நீ நடந்து வாங்கியது.

உன்னைப் பார்க்க வேண்டும் என்று அம்மா சொல்லவில்லை. அவளுக்கு அந்தத் துணிவு வராது. உனக்கு அங்கே குளிருமா என்று கேட்டாள். பதில் சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம்.

கோப்பை மூடவில்லை. மாத முடிவில் குழு கூடுகிறது. வாரம் ஒரு நாள் நான் ஒரு மனநல ஆலோசகரிடம் போக வேண்டும், போக ஆரம்பித்துவிட்டேன். மிச்சம் இருப்பது ஒரு படிவம். விண்ணப்பதாரரைச் சிறுவயதிலிருந்து அறிந்த ஒருவர் நிரப்ப வேண்டும். அம்மா பெயரைப் போடலாம் என்றார்கள். நான் உன் பெயரைப் போட்டிருக்கிறேன். படிவமும் உறையில் இருக்கிறது. அதில் கடைசிக் கேள்வி, இந்த வீட்டில் ஒரு பிள்ளையை விடலாமா, ஆம் என்றாலும் இல்லை என்றாலும் காரணம் எழுதவும்.

எனக்காக எழுதாதே. இரக்கப்பட்டும் எழுதாதே, பழைய பாசத்துக்கும் எழுதாதே. எங்கள் வீட்டைப் பற்றி அன்றைக்கு உன்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. இப்போது நான் கேட்கிறேன். உனக்குப் பதினோரு வயது, கையில் ஒரு துணிப்பை, உன்னைக் கொண்டுவந்து என் வாசலில் நிறுத்துகிறார்கள். இத்தனையும் தெரிந்த பிறகு, நீ உள்ளே வருவாயா? இல்லையென்றால் இல்லை என்றே போடு. நான் தாங்கிக்கொள்வேன், தாங்காவிட்டாலும் அது அந்தப் பிள்ளையின் பாடு இல்லை.

படிவம் இருபத்தெட்டாம் தேதிக்குள் அலுவலகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். கடிதம் வர மூன்று நாலு நாள் ஆகிறது. சீக்கிரம் பதில் போடு.

பொடிசு